எப்பொக்சி பூசிய படகின் அடியிலிருந்து பழைய பாசித்தடைத் தீந்தையை அகற்றுதல்

கடலோரக் கிராமங்களிற் கமமும் கடற்றொழிலும் ஒரே குடும்பத்தில் நடைபெறுவது வழக்கம். படகு பழுது பார்க்கப்படும் வளவிலேயே கிணறும் இருக்கும்; கிணற்றடியில் மிளகாய்ப் பாத்தியோ கீரைப் பாத்தியோ இருக்கும். படகின் அடியிலிருந்து சுரண்டப்படும் பழைய தீந்தை நிலத்தில் விழுந்து மழைநீருடன் கலக்குமாயின் அது கடலை மட்டுமன்றிக் கிணற்றையும் பயிரையும் சேரும். தீந்தையைச் சுரண்டுபவர் கவனக் குறைவால் அதன் கீழுள்ள எப்பொக்சிப் பூச்சையும் சுரண்டி விடுவாராயின் படகின் ஆயுளே குறையும். ஆகவே இவ்வேலையை முறையாகச் செய்யும் விதம் இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றது.

நாள்தோறும் கரையில் இழுத்து வைக்கப்படும் சிறு வள்ளங்களுக்குப் பாசித்தடைத் தீந்தை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அவை வெயிலிற் காய்வதால் பாசியும் சிப்பியும் நிலைத்து வளர்வதில்லை. மயிலிட்டி, வாழைச்சேனை, திருகோணமலைக் கொட்பே போன்ற துறைகளில் இடைவிடாது நீரிற் கட்டி வைக்கப்படும் இயந்திரப் படகுகளுக்கே இத்தீந்தை அவசியமாகின்றது. இங்கு கூறப்படுவன அத்தகைய படகுகளைக் குறித்தனவாகும்.

1. தீந்தையின் இயல்பு

துறைகளில் ‘அன்ரிபவுலிங்’ என்று வழங்கப்படும் இத்தீந்தை அழகுக்காகப் பூசப்படுவதன்று. நீரிற் கிடக்கும் எப்பொருளிலும் முதலில் வழுவழுப்பான ஒரு படலம் உண்டாகும். பின்னர் பாசியும், அதன் பின்னர் கொட்டலசு, சிப்பி, குழாய்ப்புழு ஆகியனவும் பற்றிக் கொள்ளும். இவை பற்றிய படகு பாரமாகி வேகம் குறையும்; அதே தூரத்தை ஓடுவதற்குக் கூடிய எரிபொருள் செலவாகும். இதனைத் தடுப்பதற்காகத் தீந்தையில் நஞ்சு சேர்க்கப்படுகின்றது. அந்நஞ்சு சிறிது சிறிதாக நீரிற் கரைந்து, படகின் மேற் குடியேற வரும் சிற்றுயிர்களைக் கொல்லும் அல்லது விலக்கும்.

பெரும்பாலான தீந்தைகளில் முதன்மையான நஞ்சு செம்பு ஒட்சைட்டு ஆகும். செம்பு பாசிகள் சிலவற்றைத் தடுக்கப் போதாமையால் வேறு நஞ்சுகளும் கூட்டப்படுகின்றன. இவற்றுட் சில கமக்காரருக்குப் புதியனவல்ல. களைகொல்லியாக அறியப்பட்ட டையுரோன் என்பது இத்தீந்தைகளிலும் சேர்க்கப்பட்டு வந்தது. சைபுட்ரின் என்பதும் களைகொல்லி இனத்தைச் சேர்ந்ததே. அதனைக் கப்பல்களிற் பூசுவது 2023ஆம் ஆண்டு தைமாதம் முதல் சர்வதேச விதிகளால் தடை செய்யப்பட்டுள்ளது.

முற்காலத் தீந்தைகளில் இவற்றினும் கொடிய வெள்ளீய நஞ்சு ஒன்று இருந்தது. திரிபியூற்றைல் ரின் எனப்படும் அந்நஞ்சினால் பிரான்சு தேசத்து ஆர்க்கசோன் குடாவில் 1970களின் பிற்பகுதியில் சிப்பி வளர்ப்பு பெரு நட்டமடைந்தது. சிப்பிகளின் ஓடுகள் உருக்குலைந்தன, குஞ்சுகள் பிழைக்கவில்லை. 1982ஆம் ஆண்டில் பிரான்சு அதனைச் சிறு படகுகளிற் பூசுவதைத் தடை செய்தது. 2001ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட சர்வதேச உடன்படிக்கை 2008ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் நடைமுறைக்கு வந்து, உலகளாவிய முறையில் அதனை விலக்கியது. எனினும், பல முறை கைமாறிய பழைய படகின் அடிப்படைகளில் எது உள்ளது என்பதை வெளிப்பார்வையால் அறிய முடியாது. ஆகவே வரலாறு தெரியாத தீந்தை யாவற்றையும் கொடிய நஞ்சாகவே கருதி நடத்தல் வேண்டும்.

2. எப்பொக்சிப் பூச்சின் பயன்

கண்ணாடியிழைப் படகுகள் பெரும்பாலும் பொலியெஸ்ரர்ப் பிசினினால் ஆக்கப்படுகின்றன. இப்பிசின் பார்வைக்கு நீர் புகாததாகத் தோன்றினும் ஆண்டுக் கணக்கில் நீரிற் கிடக்குங்கால் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். உட்புகுந்த ஈரம் பிசினிலுள்ள சில பொருள்களைக் கரைத்துப் புளிப்பான திரவமாக்கும். அத்திரவம் மேலும் நீரை உள்ளிழுத்து, அடிப்பகுதியிற் கொப்புளங்களை எழச் செய்யும். அவற்றைக் குத்தினால் வெளிவரும் நீரில் வினாகிரியை ஒத்த மணம் இருக்கும்.

எப்பொக்சி என்பது இரண்டு திரவங்களைக் குறித்த அளவிற் கலப்பதால் இறுகும் பிசின் ஆகும். இது பொலியெஸ்ரரிலும் மிகக் குறைவாகவே ஈரத்தை உட்புக விடும். ஆதலால் கொப்புள நோய்க்குக் காப்பாகக் கண்ணாடியிழைப் படகின் அடியில் இது பல முறை பூசப்படுகின்றது. மரப்படகிற் பூசப்படும்போது மரம் ஈரமாகி உக்குவதையும், மரத்தைத் துளைக்கும் கடற்புழு உட்செல்வதையும் தடுக்கின்றது.

இக்காப்பின் தடிப்பு எவ்வளவு என்பதை ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பல பூச்சுகள் சேர்ந்தும் அது சாதாரணமாக ஒரு மில்லிமீற்றரின் காற்பங்கு அளவினதே. அதாவது ஒரு தபாலட்டையின் தடிப்பு. அதன் மேலிருக்கும் பழைய தீந்தையோ ஆண்டுதோறும் பூசப்பட்டு அதனிலும் இரண்டு மூன்று மடங்கு தடிப்பாக இருத்தல் கூடும். தடித்ததை எடுத்து மெல்லியதைக் காப்பதே இவ்வேலையின் நுட்பம். தீந்தையைப் போக்குவது எளிது. தக்க இடத்தில் நிறுத்துவதே கடினம்.

3. எப்பொழுது அகற்றுதல் வேண்டும்

பழைய தீந்தை உறுதியாகப் பற்றியிருந்தால் அதனை முழுவதும் அகற்ற வேண்டியதில்லை. கழுவி, ஈரத்துடன் இலேசாகத் தேய்த்து, அதே வகைத் தீந்தையை மேலே பூசினாற் போதும். தேவையற்ற சுரண்டல் வீண் செலவும் வீண் ஆபத்துமாகும்.

பற்றுறுதியை அறிவதற்கு எளிய பரிசோதனை ஒன்று உண்டு. கழுவி உலர்ந்த இடத்தில் கூரிய கத்தியினால் தீந்தையில் மட்டும் ஆழாது பெருக்கல் அடையாளம்போற் கீற வேண்டும். அதன் மேல் அகன்ற ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சடுதியாக இழுத்தல் வேண்டும். கீறலின் ஓரத்தில் துகள்கள் சில மட்டும் வந்தால் தீந்தை நல்லது. செதில் செதிலாக வந்தால் அதன் மேல் எத்தனை விலையுயர்ந்த தீந்தையைப் பூசினும் பழையதுடன் சேர்ந்து அதுவும் உரிந்து விடும். இப்பரிசோதனையை அணியத்திலும், நடுப்பகுதியிலும், பின்புறத்திலும் செய்தல் வேண்டும்.

முழுவதும் அகற்ற வேண்டிய வேறு சந்தர்ப்பங்களும் உள. தீந்தை தடித்து மேடு பள்ளமாக இருத்தல். முன்னர் பூசியது எவ்வகை என்பது தெரியாதிருக்க, வேறு வகை பூச எண்ணுதல். எப்பொக்சியிற் கொப்புளமோ வெடிப்போ உண்டென ஐயுறுதல் ஆகியன அவை.

4. செய்யத் தகாதவை

வேலையை விரைவில் முடிக்கும் ஆசையினாற் செய்யப்படும் பிழைகள் ஐந்து. அவற்றை முதலிற் கூறுதல் நன்று.

(அ) சூடு காட்டுதல். வீட்டுக் கதவின் தீந்தையைச் சூடாக்கிச் சுரண்டுவதுபோற் படகிற் செய்தல் ஆகாது. சாதாரண வெப்பத்தில் இறுகிய எப்பொக்சி ஏறத்தாழ 50 முதல் 60 பாகை சென்ரிகிரேட்டில் இளகத் தொடங்கும். தீந்தை இளகுமுன் எப்பொக்சி இளகிவிடும். சூடேறிய தீந்தையிலிருந்து எழும் புகையும் நஞ்சாகும்.

(ஆ) இரும்பு அராவும் சுழல் தட்டை உபயோகித்தல். இவ்வியந்திரம் ஓரிடத்திற் கணநேரம் தங்கினாலும் எப்பொக்சியைக் கடந்து கண்ணாடியிழை வரை பிறைவடிவிற் குழி தோண்டி விடும்.

(இ) கண்ட கண்ட தீந்தை நீக்கி மருந்தைப் பூசுதல். டைகுளோரோ மெதேன் கலந்த மருந்து தீந்தையுடன் எப்பொக்சியையும் பிசினையும் தாக்கும். அதன் ஆவி காற்றோட்டமற்ற இடத்தில் மனிதரை மயக்கி உயிரையும் போக்கும். அமெரிக்கா 2019ஆம் ஆண்டில் இதனைப் பொதுமக்கள் வாங்கி உபயோகிப்பதைத் தடை செய்தது. கண்ணாடியிழைக்கும் எப்பொக்சிக்கும் தீங்கற்றது என்று தகரத்தில் எழுதப்பட்ட மருந்தை மட்டுமே, அதுவும் சிறு இடத்திற் பரீட்சித்த பின்னரே, உபயோகிக்கலாம்.

(ஈ) உலரத் தேய்த்தல். உலர்ந்த தீந்தையைத் தேய்க்கும்போது எழும் செந்தூசி கண்ணுக்குத் தெரிவதிலும் கூடிய தூரம் பரவும். அது சுவாசப்பையைச் சேரும். அயல் வீட்டு உலையையும் சேரும்.

(உ) மணல் வீசித் தேய்த்தல். அனுபவம் இல்லாதவர் கையில் இம்முறை எப்பொக்சியைத் துளைத்து விடும். தக்க கருவியும் பழகிய ஆளும் உள்ள படகுத் துறைகளிலன்றி இதனைக் கைக்கொள்ளலாகாது.

5. காலமும் ஆயத்தமும்

கிழக்குக் கரையில் வாடைக் காற்றும் மாரி மழையும் ஓய்ந்து, தொழில் மீண்டும் சூடு பிடிப்பதற்கு முன்னுள்ள மாசி மாதம் இவ்வேலைக்கு ஏற்றது. மழைக்காலத்திற் சுரண்டினால் கழிவைத் திரட்ட முடியாது. புதிய பூச்சும் உலராது.

இடம் கிணற்றுக்கும் பாத்திக்கும் நீரோரத்துக்கும் இயன்றவரை தொலைவில் இருத்தல் வேண்டும். படகின் கீழ், இரு பக்கத்திலும் ஒரு மீற்றர் வெளியே நீளும்படி தறப்பாளை விரித்து, அதன் ஓரங்களின் கீழே கட்டைகளை வைத்து வரம்புபோல் உயர்த்துதல் வேண்டும். வயலில் நீரை மறிக்க வரம்பு கட்டுவது எவ்வளவு இயல்போ அவ்வளவு இயல்பாக இதுவும் அமைதல் வேண்டும்.

தேவையான பொருள்கள்: மரத்தாலோ பிளாஸ்ரிக்காலோ ஆன தட்டையான சுரண்டி, கடின உலோக அலகு பூட்டிய இழுவைச் சுரண்டி, நீரில் உபயோகிக்கத்தக்க 80ஆம், 120ஆம் இலக்க அரத்தாள், இறப்பர் அல்லது கட்டைப் பிடி, வாளிகள், பழைய துணி, மூடியுள்ள உறுதியான பிளாஸ்ரிக் வாளி. உலோகச் சுரண்டியின் இரு முனைகளையும் அரத்தினால் உருண்டையாக அராவி விடுதல் மிக முக்கியம். கூரிய முனையே எப்பொக்சியைக் கீறும்.

வேலை செய்பவர் கண்ணாடி, இறப்பர்க் கையுறை, நீண்ட கைச்சட்டை, நுண்தூசியை வடிக்கும் சுவாசக் கவசம் ஆகியவற்றை அணிதல் வேண்டும். முகத்திற் கட்டும் சால்வை தூசியை வடிக்காது. வேலையிடையே வெற்றிலை போடுவதும் பீடி புகைப்பதும் கையிலுள்ள நஞ்சை வாயில் இடுவதாகும். உண்ணுமுன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். வேலை உடுப்பைக் குழந்தைகளின் உடுப்புடன் சேர்த்துத் தோய்க்கலாகாது. சிறுவரையும் கோழி, ஆடு முதலியவற்றையும் அவ்விடத்தை அணுக விடலாகாது.

6. வேலை முறை

முதலாம் படி: படகைக் கரையேற்றிய உடனேயே, ஈரம் காயுமுன் பாசியையும் கொட்டலசையும் மரச்சுரண்டியால் நீக்குதல். காய்ந்தபின் கொட்டலசின் அடிப்பாகம் சீமெந்துபோல் இறுகும். இக்கழிவிலும் தீந்தைத் துகள் கலந்திருக்கும். ஆகையால் இதுவும் தறப்பாளிலேயே விழுதல் வேண்டும்.

இரண்டாம் படி: படைகளை அறிதல். ஒரு கையகல இடத்தை நனைத்து, 80ஆம் இலக்க அரத்தாளினால் மெல்லத் தேய்த்தல் வேண்டும். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் வளையங்கள் தோன்றுவதுபோல் ஒவ்வொரு பூச்சும் தன் நிறத்தை வளையமாகக் காட்டும். சிவப்பு, நீலம், மீண்டும் சிவப்பு, அதன் கீழ்ச் சாம்பல் நிற இடைப்பூச்சு, அதன் கீழ் எப்பொக்சி என ஒரு படகில் வரிசை அமையலாம்; இன்னொரு படகில் வேறாக அமையலாம். எப்பொக்சியின் நிறம் தெரிந்தவுடன் நிறுத்தி, அந்த இடத்தை வட்டமிட்டு அடையாளஞ் செய்து வைத்தல் வேண்டும். வேலை முடியும் வரை இதுவே அளவுகோல். இவ்வாறு மூன்று அல்லது நான்கு இடங்களிற் செய்தல் நன்று. ஏனெனில் ஏராக்கட்டையின் ஓரத்திலும் அணியத்தின் விளிம்பிலும் பூச்சு மெல்லியதாக இருப்பது இயல்பு.

மூன்றாம் படி: சுரண்டுதல். மேற்பரப்பை நீர் தெளித்து ஈரமாக வைத்து, சுரண்டியைச் சாய்வாகப் பிடித்துத் தன்னை நோக்கி இழுத்தல் வேண்டும், முன்னோக்கித் தள்ளலாகாது. தள்ளும்போது அலகு உட்பாயும். ஒரே திசையில் நீண்ட இழுவையாக இழுத்து, ஒரு முழ நீளப் பகுதியை முடித்தபின் அடுத்ததற்குச் செல்லுதல் வேண்டும். அலகு மழுங்கினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் கை வழுக்கும். ஆகவே அடிக்கடி தீட்டுதல் வேண்டும். விளிம்புகளில் உலோகச் சுரண்டியை விடுத்து அரத்தாளையே உபயோகித்தல் வேண்டும்.

இடைப்பூச்சின் நிறம் பரவலாகத் தெரியும்போது சுரண்டுவதை நிறுத்தல் வேண்டும். இங்கும் அங்கும் எஞ்சும் சிவப்புத் திட்டுகளைச் சுரண்டியால் துரத்துவதே பெரும் பிழை. ஒரு சிறு திட்டுக்காக அதைச் சுற்றியுள்ள எப்பொக்சியைக் குறைப்பது, ஒரு களைக்காகப் பாத்தியைத் தோண்டுவது போன்றது.

நான்காம் படி: ஈரத்துடன் தேய்த்தல். கட்டைப் பிடியிற் சுற்றிய 80ஆம் இலக்க அரத்தாளினால் எஞ்சிய திட்டுகளைத் தேய்த்து, 120ஆம் இலக்கத்தினால் முடித்தல் வேண்டும். அரத்தாளை அடிக்கடி வாளி நீரில் அலசுதல் அவசியம். விரலால் நேரே அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட வரியெல்லாம் பள்ளமாகும். ஈர வேலைக்கு மின்கருவியை உபயோகிப்பது உயிராபத்து. தூசியை உடனே உறிஞ்சும் குழாய் பொருத்திய மின் தேய்ப்பான் உள்ளவர் உலர்ந்த மேற்பரப்பில் அதனை உபயோகிக்கலாம். அப்பொழுதும் சுவாசக் கவசம் அவசியம்.

உறுதியாகப் பற்றிய இடைப்பூச்சு ஆங்காங்கே எஞ்சியிருப்பது குற்றமன்று. புதிய பூச்சுக்கு அது நல்ல ஆதாரமேயாகும்.

7. கழிவை என் செய்வது

ஒரு படகின் நீரடிப் பரப்பு 16 சதுர மீற்றர் என்றும், பழைய தீந்தையின் தடிப்பு அரை மில்லிமீற்றர் என்றும் கொண்டால், அகற்றப்படும் தீந்தை 8 லீற்றர் ஆகும். செம்பு கலந்த தீந்தை நீரிலும் பாரமானது; ஆகவே 8 கிலோகிராமிலும் கூடிய நஞ்சு ஒரே படகிலிருந்து சில நாட்களில் வெளிவருகின்றது. ஆண்டுக் கணக்கிற் கடலிற் சிறிது சிறிதாகக் கரைய வேண்டியது ஒரே இடத்திற் குவிகின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

களப்பில் இதனைத் தள்ளினால் மீன், இறால், சிப்பி ஆகியவற்றின் குஞ்சுகள் முதலிற் பாதிக்கப்படும். களப்பே அவற்றின் நாற்றுமேடை. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்திலும் கற்பிட்டியின் மணல் நிலத்திலும் மேலே ஊற்றப்படும் நீர் விரைவிற் கிணற்று நீரைச் சேரும். ஆகவே புதைப்பதும் தீர்வாகாது.

செம்பு என்றவுடன் கமக்காரருக்குப் போடோக் கலவை நினைவுக்கு வருதல் கூடும். படகுத் தூளும் பூஞ்சண நோய்க்கு மருந்தாகும் என எண்ணுதலும் கூடும். இது பெருந் தவறு. முதலாவதாக, மேலே கூறியவாறு இத்தூளிற் களைகொல்லிகள் கலந்திருக்கலாம். அவை பயிரையே அழிக்கும். இரண்டாவதாக, செம்பு மண்ணில் உக்கி மறைவதில்லை. போடோக் கலவை நெடுங்காலம் தெளிக்கப்பட்ட பிரான்சு தேசத்துத் திராட்சைத் தோட்டங்களின் மேல்மண்ணிற் செம்பு சேர்ந்து கிடப்பது அறியப்பட்ட உண்மை. செம்பு மிகுந்த மண்ணில் வேர் குறுகும்; இலை வெளிறும். எனவே படகுத் தூளைப் பாத்தியிலோ கூட்டெருக் குழியிலோ இடலாகாது, எரிக்கவும் ஆகாது.

தறப்பாளில் விழுந்த உலர் செதில்களைக் கூட்டி அள்ளி மூடி வாளியில் இடுதல் வேண்டும். தேய்த்த நீரை வேறு வாளியில் ஓரிரவு அசையாது வைத்தால் சேறு அடியிற் தங்கும். மேல்நீரை நெருங்கிய துணியில் வடித்து, மறுநாள் தேய்ப்பதற்கு மீண்டும் உபயோகிக்கலாம். வேலை முடிவில் எஞ்சும் நீரைக் கிணற்றுக்கும் களப்புக்கும் எட்டாத இடத்தில், சிறுவரும் பிராணிகளும் அணுகாதவாறு, அகன்ற பாத்திரத்தில் வெயிலில் வற்றவிட்டு, எஞ்சும் சேற்றையும் துணியையும் அரத்தாளையும் அதே மூடி வாளியிற் சேர்த்தல் வேண்டும். வாளியின் மேல் ‘நஞ்சு – படகுத் தீந்தைக் கழிவு’ என எழுதி, துறைமுக அலுவலரிடமோ உள்ளூராட்சிச் சபையிடமோ விசாரித்து, அவர் கூறும் முறைப்படி ஒப்படைத்தல் வேண்டும்.

8. குறை திருத்தமும் மறுபூச்சும்

அடிப்பகுதியை நன்னீரினாற் பல முறை துடைத்து உலரவிட்டபின் பகல் வெளிச்சத்தில் ஆராய்தல் வேண்டும். இழைநெசவு தெரியும் இடம், கொப்புளம், வெடிப்பு, மர நிறம் தெரியும் இடம் ஆகியவற்றைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வளையமிடுதல் வேண்டும். எப்பொக்சி திறந்த இடத்தில் ஈரம் உட்சென்றிருப்பின் அது முழுவதும் உலரும் வரை பொறுத்தல் வேண்டும். இதற்கு வாரக் கணக்கும் ஆகலாம். ஈரத்தை உள்ளே வைத்துப் பூசுவது நோயை உள்ளே வைத்துத் தைப்பதாகும்.

திருத்துவதற்கு எப்பொக்சியையே உபயோகித்தல் வேண்டும். விலை குறைந்தது என்று பொலியெஸ்ரர்ப் பிசினை எப்பொக்சியின் மேற் பூசினால் அது செவ்வையாகப் பற்றாது. பொலியெஸ்ரரின் மேல் எப்பொக்சி பற்றும். எப்பொக்சியின் மேல் பொலியெஸ்ரர் பற்றாது என்பதைப் பாடமாக நினைவிற் கொள்ளல் நன்று. இரு திரவங்களையும் தகரத்திற் கூறிய விகிதப்படி அளந்தே கலத்தல் வேண்டும். விரைவில் இறுகும் என்று இறுக்கும் திரவத்தைக் கூட்டினால் பூச்சு ஒருபோதும் உறுதியாகாது.

இறுகிய எப்பொக்சியின் மேல் மெழுகு போன்ற ஒரு படிவு தோன்றுவதுண்டு. அதனை நன்னீரும் துணியும் கொண்டு கழுவிய பின்னரே தேய்த்தல் வேண்டும். கழுவாது தேய்த்தால் படிவு உட்புதைந்து அடுத்த பூச்சை உரியச் செய்யும். பின்னர் தீந்தை செய்தவர் குறிப்பிட்ட இடைப்பூச்சையும் அதன் மேற் புதிய பாசித்தடைத் தீந்தையையும் பூசலாம். நாகத் தகட்டின் மேல் எத்தீந்தையும் பூசலாகாது. பூசினால் அது தன் கடமையைச் செய்யாது. அலுமினியப் பாகங்களிற் செம்புத் தீந்தை பட்டால் அலுமினியம் அரிக்கப்படும்.

ஈற்றில், எத்திகதியில் எவ்வகைத் தீந்தை எத்தனை முறை பூசப்பட்டது என்பதை ஒரு கொப்பியில் எழுதிப் படகின் பத்திரங்களுடன் வைத்தல் வேண்டும். அடுத்த முறை படகைத் தேய்ப்பவருக்கு இக்குறிப்பு ஒரு நாள் வேலையையும் ஒரு படை எப்பொக்சியையும் மிச்சப்படுத்தும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. உறுதியாகப் பற்றிய தீந்தையை அகற்ற வேண்டியதில்லை, பரிசோதித்துத் தீர்மானிக்கவும்.
2. படைகளின் நிற வரிசையை முதலில் அறியவும். இடைப்பூச்சுத் தெரிந்ததும் நிறுத்தவும்.
3. சூடு, சுழல் தட்டு, தகாத மருந்து ஆகியவற்றைத் தவிர்க்கவும்.
4. எப்பொழுதும் ஈரத்துடன் வேலை செய்யவும். சுவாசக் கவசம் அணியவும்.
5. ஒரு துகளும் கிணற்றையோ களப்பையோ பாத்தியையோ சேர விடலாகாது.
6. எப்பொக்சியை எப்பொக்சியினாலேயே திருத்தவும்.

தபாலட்டைத் தடிப்பான ஒரு பூச்சே படகுக்கும் கடல்நீருக்கும் இடையே நிற்கின்றது. பொறுமையுடன் அதனைக் காப்பவர் தம் படகையும், தம் கிணற்றையும், தம் களப்பையும் ஒருங்கே காத்தவராவார்.